கிளவுஸ் யாரைக் காப்பாத்துது?

வெளியே குற்றாலச் சாரல், உள்ளே மறுபடியும் 'சார்பட்டா பரம்பரை'. அதான் இன்னைக்கு டாபிக் பாக்ஸிங் கிளவுஸ்.

அடி வாங்குறவருக்குத்தான் கிளவுஸ் பாதுகாப்புன்னு நினைக்கிறோம். முகத்துல வெட்டுக்காயம் குறையும், சரி. ஆனா அது முக்கியமா காப்பாத்துறது அடிக்கிறவர் கையை. ஒரு கையில 27 எலும்பு. வெறும் முஷ்டியால மண்டையில ஓங்கிக் குத்தினா கைதான் உடையும். அந்தப் பயமே தலைக்கு ஒரு வேலி. 1867-ல வெளியான குயின்ஸ்பெரி விதிகள் கிளவுஸைக் கேட்டுச்சு, வேலி போச்சு. உள்ளே மூளை குலுங்குறது மட்டும் நிக்கல. 1928-ல அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரர்களோட தள்ளாட்டத்தை 'பஞ்ச் டிரங்க்'னு மருத்துவ இதழ்லயே எழுதிட்டார்.

1980-ல முகமது அலி நம்ம சென்னைக்கே வந்து, கிளவுஸ் மாட்டி ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினார். 1984-ல அவருக்குப் பார்கின்சன்னு சொன்னாங்க. வாங்கின குத்துதான் காரணமான்னு மருத்துவர்கள் ரொம்ப காலம் வாதாடினாங்க.