கரையேற்றமும் கலப்பற்றும்: மரக்கலக் காப்புச் சொற்களின் வரலாறு

மரக்கலங்களைப் பற்றிய சொல்லாராய்ச்சி பெரும்பாலும் கடலில் ஓடும் கலத்தையே பொருளாகக் கொண்டு நிகழ்ந்துள்ளது. பாய், கயிறு, காற்று, திசை ஆகியவற்றுக்குரிய சொற்கள் திரட்டப்பட்ட அளவிற்கு, கலம் ஓடாது கரையில் கிடக்கும் மாதங்களுக்குரிய சொற்கள் திரட்டப்படவில்லை. தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் வெளியிட்ட ஆங்கில இந்துஸ்தானிக் கப்பற்சொல் அகராதி, கப்பலைச் செலுத்துங்கால் இடப்படும் ஆணைச் சொற்களைத் தருவதாகத் தன் தலைப்பிலேயே அறிவிக்கிறது. ஜார்ஜ் ஸ்மால் இதனைத் திருத்தி 1882இல் ‘லஸ்காரி அகராதி’ என வெளியிட்டபோதும் நோக்கம் மாறவில்லை. மாலுமியை வேலை வாங்க வேண்டிய அதிகாரியின் தேவையே அங்கு முதன்மை பெற்றது. கரையில் கலத்தைக் காத்தவனின் மொழி அவ்வதிகாரிக்கு அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை.

இதன் விளைவை மொழிபெயர்ப்புகளில் காணலாம். ஆங்கிலத்தில் ‘ஹால் அவுட்’ என்பது கலத்தை நீரிலிருந்து வெளியே இழுத்தல். ‘கேரீன்’ என்பது அதனை ஒருபுறம் சாய்த்து அடிப்பகுதியைத் துப்புரவு செய்தல். ‘கால்க்’ என்பது பலகை இடுக்குகளை அடைத்தல். ‘லே அப்’ என்பது நெடுங்காலம் ஓட்டாது காத்து வைத்தல். இந்நான்கினையும் ‘பழுதுபார்த்தல்’ என ஒரே சொல்லால் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. பழுதே இல்லாத கலத்தையும் ஆண்டுதோறும் கரையேற்றியாக வேண்டும் என்பதை இச்சொல் மறைத்துவிடுகிறது.

அரபிக் கடலின் பாய்மர வணிகம் காற்றின் சுழற்சிக்குக் கட்டுப்பட்டது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று கொங்கண, மலையாளக் கரைகளைத் தாக்குங்கால் பாய்மரக் கலம் கரையை அணுகுவது உயிர்க்கேடு. பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி அகமது இப்னு மாஜித் முதலியோர் இதனைக் கடல் மூடப்படும் காலம் என்றே கொண்டனர். கடல் மீண்டும் திறப்பதன் அடையாளமாகக் கொங்கணக் கரையின் கோலியர் ஆவணி முழுநிலவை ஒட்டிய நாரளி பூர்ணிமாவன்று கடலுக்குத் தேங்காய் படைப்பர். ‘மான்சூன்’ என்னும் சொல்லும் இவ்விடத்தில் கருதத்தக்கது. அரபு ‘மவ்சிம்’ என்பதற்கு உரிய பருவம் என்பதே பொருள். போர்த்துக்கேயம் வழியாக ஆங்கிலம் புகுந்த இச்சொல் பயணத்திற்கேற்ற பருவத்தையும் அப்பருவத்தின் காற்றையும் குறித்தது. மழை என்னும் பொருள் பின்னரே மேலோங்கியது. ஆகவே, பதினேழாம் நூற்றாண்டு வணிக ஆவணம் ஒன்றில் ஒரு கப்பல் தன் மான்சூனை இழந்தது என வருமாயின், அதனை மழை பொய்த்ததாகப் பெயர்த்தல் பெரும்பிழை. பயணப் பருவம் தவறிப்போய், கலம் அடுத்த பருவம் வரை துறையில் முடங்கியது என்பதே கருத்து.

கரையேற்றும் பணி உயர்ந்த ஓதத்தோடு தொடங்கும். சரக்கும் அடிபாரமும் இறக்கப்பட்டு, பாய்கள் கழற்றப்படும். ஈரப்பாயைச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்து இற்றுவிடுமாதலால் அவற்றை முதலில் உலர்த்துவர். பின்னர், கொழுப்புத் தடவிய உருளைக் கட்டைகளின்மேல் கலத்தை இழுத்து ஏற்றுவர். கலத்தின் முதுகெலும்பாகிய அடிமரம் எங்கும் ஒரே மட்டத்தில் தாங்கப்பட வேண்டும். ஓரிடத்தில் தாங்கல் குறைந்தாலும் சில மாதங்களில் கலம் தன் எடையாலேயே வளைந்துவிடும். இருபுறமும் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்திய பின்னரே கயிறு தளர்த்தப்படும். ‘கேரீன்’ செய்தல் இதனின் வேறு. அடிமரத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘கரீனா’விலிருந்து பிறந்த அச்சொல், ஓதம் வற்றிய சில நாழிகைக்குள் முடித்தாக வேண்டிய அவசரப்பணியையும் குறிக்கும். அதனை ‘ஒருக்களித்தல்’ எனலாம்.

இழுத்தேற்றும் கலையில் மலையாளக் கரையின் பேப்பூர் மாப்பிள்ளைக் கலாசிகள் புகழ்பெற்றவர்கள். ‘உரு’ எனப்படும் பெரிய மரக்கலங்களைக் கப்பி, வடம், சுழல்மரம் ஆகியவற்றின் துணையாலும் ஒருமித்த உடலுழைப்பாலும் நகர்த்துபவர்கள். 1988 ஜூலையில் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடி ஏரியில் வீழ்ந்த தொடர்வண்டிப் பெட்டிகளை வெளிக்கொணர இவர்களே அழைக்கப்பட்டனர். விடுவித்தல் என்னும் பொருளுடைய அரபு ‘கலாஸ்’ இச்சொல்லின் வேராகக் கருதப்படுகிறது. இது மாலுமி, கூடாரம் அடிப்பவன், நில அளவையில் சங்கிலி பிடிப்பவன் எனப் பொருள் விரிந்து, தமிழில் ரயில்வே கலாசியாக நிலைத்தது. தமிழ்ச் சொல்லாகிய ‘கரையேற்றுதல்’ வேறு வழியில் சென்றுள்ளது. துன்பத்திலிருந்து மீட்டல், பெண்ணுக்கு மணம் முடித்து வைத்தல், வீடுபேறு அளித்தல் என உருவகப் பொருள்கள் பெருகியமையால், இதன் தொழிற்பொருள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆயினும் ‘ஹால் அவுட்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை.

கலம் கரையேறியபின் அதன் பகை நீரன்று, வெயில். பலகை உலர்ந்து சுருங்க, இடுக்குகள் வாய் திறக்கும். எனவே ஓலை வேய்ந்து நிழல் தருவதும் எண்ணெய் ஊட்டுவதும் இன்றியமையாதவை. உலர்வதால் ஒரு நன்மையும் உண்டு. மரத்தைத் துளைத்து உண்ணும் கப்பற்புழு, புழுவெனப் பெயர் பெற்றும் உண்மையில் சிப்பியினத்தது. நெடுநாள் நீரின்றி இருக்குமாயின் மடியும்.

இடுக்கடைக்கும் பணியைத் தமிழ் அகராதிகள் ‘கலப்பற்று’ எனக் குறிக்கின்றன. கலம், பற்று எனப் பிரித்தால் தூய தமிழ்த் தொகைச்சொல் போலவே தோன்றும். ஆயின் இந்துஸ்தானியிலும் வங்காளத்திலும் ‘கலாபத்தி’, போர்த்துக்கேயத்தில் ‘கலஃபாத்தே’, அரபில் ‘கல்ஃபத்’ என ஒரே தொழிலுக்கு ஒத்த ஒலியுடைய சொற்கள் கடற்கரை நெடுகக் கிடைக்கின்றன. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் யூலும் பர்னலும் வடநாட்டு வடிவங்களைப் போர்த்துக்கேயத்திற்கும், அதனை அரபிற்கும் உரியதாக்கினர். எனினும் 1041–42இல் ஆண்ட பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் மிக்கேல், தந்தையின் தொழிலால் ‘கலஃபாட்டிஸ்’ என்றே அழைக்கப்பட்டார். ஆகவே கிரேக்கத்தில் இச்சொல் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. அரபே மூலம் என அறுதியிடுவது எளிதன்று. தமிழ் வடிவமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததாகவே கொள்ளத்தக்கது. வேற்றுச்சொல்லைத் தமிழ்ப் பகுதிகளாகக் கேட்டுப் பொருளேற்றிக்கொண்ட நாட்டார் சொற்பிறப்பு இது. ஒலி ஒப்புமை ஏமாற்றவும் கூடும் என்பதற்கு ஆங்கிலக் ‘கால்க்’ சான்று. அது மிதித்தமுக்குதலைக் குறிக்கும் இலத்தீன் ‘கல்காரே’ வழி வந்தது. மேற்கூறிய குடும்பத்தோடு அதற்கு உறவில்லை.

அடைப்பின்மேல் பூச்சு வரும். கயிற்றால் தைத்த ஹோர்முஸ் கலங்களுக்குக் கீல் பூசாது மீனெண்ணெய் தடவுவதை மார்க்கோ போலோ இகழ்ச்சியோடு குறிப்பிட்டார். நீருக்குள் அமையும் பகுதிக்குச் சுண்ணாம்பும் விலங்குக் கொழுப்பும் குழைத்துப் பூசும் வழக்கம் 1938–39இல் அரபுக் கலத்தில் சென்ற ஆலன் வில்லியர்ஸ் காலத்திலும் இருந்தது. ஆங்கிலேயர் ‘சுனாம்’ என்பதை வினையாகவும் வழங்கினர். இதன் மூலம் வடமொழிச் ‘சூர்ண’மா, திராவிடச் சொல்லா என்பதை யூல் முடிவு செய்யாது விட்டது அவர்தம் நேர்மையைக் காட்டுகிறது. சுண்ணாம்பும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த கலவை ‘கல்கல்’. இச்சொல் ஜப்பான் வரை சென்றது. ஹிராடோ துறையின் ஆங்கில வணிகத் தலைவர் ரிச்சர்டு காக்ஸ், தம் பணியாளர் இக்கலவை செய்யுங்கால் எழுந்த வெண்துகள் அண்டை வீட்டுப் பாடகரைத் துன்புறுத்தியமையால் பணியை நிறுத்துமாறு ஆணை வந்ததை 1621ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.

நெடுங்காலக் காப்பிற்குரிய சொற்களில் மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் வழுக்கி வீழ்த்துவது ‘இன் ஆர்டினரி’. பிரித்தானியக் கடற்படையின் நிதிக் கணக்கில் துறையில் கிடக்கும் கப்பல்களின் பராமரிப்பு ‘ஆர்டினரி’ என்னும் தலைப்பின்கீழ் வந்தது. அத்தலைப்பே அக்கப்பல்களின் நிலைக்குப் பெயராயிற்று. பீரங்கிகளும் பாய்மரங்களும் அகற்றப்பட்டு, தளத்தின்மேல் கூரையிடப்பட்டு, தச்சர் முதலிய சில நிலைப்பணியாளர் பொறுப்பில் கப்பல் மிதந்து கிடக்கும். கரையேற்றாமலே காக்கும் முறை இது. பம்பாயில் ஜம்ஷெட்ஜி பமன்ஜி வாடியா மலபார்த் தேக்கில் கட்டிய ‘டிரிங்கோமலி’, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. 1819இல் போர்ட்ஸ்மவுத் அடைந்த உடனே இந்நிலையில் வைக்கப்பட்டு, 1845 வரை ஏறத்தாழ 26 ஆண்டுகள் கிடந்தது. போர் ஓய்ந்த காலத்தில் அதற்குப் பணியில்லை. 1847இல் முதன்முறையாகப் பணிக்குச் சென்று, பின்னர் பயிற்சிக் கப்பலாகி, 1987இல் ஹார்டில்பூல் கொண்டுவரப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு இன்றும் மிதக்கிறது. இதன் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் அந்த 26 ஆண்டுகளைச் ‘சாதாரணக் கப்பலாக இருந்தது’ என்று எழுதலாகாது. ‘காப்பில் வைக்கப்பட்டிருந்தது’ என்பதே பொருள்.