கண்ணாடிக் கூட்டில் எறும்புக் குலம்

பசுவும் நாயும் மனிதனோடு வாழத் தலைப்பட்ட காலம் வரலாற்றுக்கு முற்பட்டது. எறும்போ அவன் வீட்டுக்கு அழையாமலே வரும் விருந்து. பால் தராத, காவல் புரியாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பியும் பாராத இச்சிற்றுயிரை ஒருவன் விரும்பிக் கொணர்ந்து, கூடமைத்து, உணவளித்துப் போற்றுதல் விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வாறு போற்றியோரின் வரலாறு இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. எறும்பின் வாழ்க்கையைப் பற்றி மனிதன் பெற்ற அறிவிற் பெரும்பகுதி அவர்கள் தந்ததே. அவ்வறிவோடு ஓர் ஆபத்தும் உடன்பிறந்தது. இவ்விரண்டையும் நெருப்பெறும்பின் கதை தெளிவாகக் காட்டும்.

எறும்பின் வாழ்வு மண்ணுக்குள் இருளில் நடப்பது. புற்றைத் தோண்டினால் அவ்வாழ்வு கலைந்துவிடும். தோண்டாவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது. இத்தடையை நீக்கக் கண்ணாடியை நாடினர் ஐரோப்பிய அறிஞர். பிரான்சு நாட்டு றெயோமூர் என்பார் எறும்புகளை மண்ணோடு கண்ணாடிப் பாத்திரங்களில் இட்டு அவதானித்தார். சிறகு முளைத்த பெண்ணெறும்பு புணர்ச்சிப் பறத்தலின் பின்னர் சிறகை இழந்து இராணியாகின்றது என்னும் உண்மையை அவர் உணர்ந்திருந்தார். 1742, 1743 ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய குறிப்புக்கள் அச்சேறாது கிடந்தன. அமெரிக்க எறும்பியல் அறிஞர் வீலர் அவற்றைக் கண்டெடுத்து 1926 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

1810 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்துப் பியேர் ஹூபர், தாம் அமைத்த செயற்கைக் கூடுகளிற் கண்டவற்றையும் வயல்வெளியிற் கண்டவற்றையும் நூலாக்கினார். அவருக்குப் பின் இத்துறையிற் பெரும்புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் ஜோன் லபக். அவர் தொழிலால் வங்கியாளர்; பாராளுமன்ற உறுப்பினர்; இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் 1871 இல் நிறைவேறக் காரணராயிருந்தவர். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே எறும்பு நடமாடுதற்குப் போதிய இடைவெளி விட்டு, அதனுள் மண்ணிட்டு, சுற்றிலும் நீர் அகழி அமைத்து அவர் எறும்புகளைக் காத்தார். 1874 இற் கைப்பற்றிய ஓர் இராணி 1888 வரை அவரிடம் உயிர் வாழ்ந்தது. பூச்சியினம் ஒன்று அத்துணைக் காலம் வாழும் என்பது பலருக்கும் புதுமையாயிருந்தது. மனிதக் கண்ணுக்குப் புலனாகாத புறவூதாக் கதிரை எறும்பு உணர்ந்து விலகுகின்றது என்பதையும் அவர் அக்கூடுகளைக் கொண்டே நிறுவினார்.

பிரான்சின் சாள்ஸ் ஜனே என்னும் பொறியியலாளர் சாந்தினால் அறைகள் வார்த்து, ஒரு முனையில் நீர் ஊற்றி, ஈரம் அறைக்கு அறை குறையுமாறு செய்தார். தமக்கு ஏற்ற ஈரத்தை எறும்புகளே தேர்ந்துகொண்டன. சீனாவிற் பல்லாண்டு சமயப்பணி புரிந்து அமெரிக்கா மீண்ட அடேல் பீல்ட் அம்மையார், 1900 ஆம் ஆண்டளவில், கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு கண்ணாடிக் கூட்டை அமைத்து, எறும்புகள் தம் கூட்டாரை மணத்தால் அறியும் முறையை ஆராய்ந்தார்.

ஆய்வுகூடத்துக் கருவி சிறுவரின் விளையாட்டுப் பொருளாக மாற நெடுங்காலம் செல்லவில்லை. பிராங் ஒஸ்ரின் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் எறும்பு வீடொன்றுக்கு 1931 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1956 இல் கலிபோர்னியாவில் மில்ரன் லெவின் என்னும் வணிகர் ‘எறும்புப் பண்ணை’ என்ற பெயரில் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியை விற்கத் தொடங்கினார். அது பேரளவில் விற்பனையாயிற்று. அதில் வளர்ந்தவை அறுவடை எறும்பு எனப்படும் இனத்து வேலைக்காரிகள். இராணி அப்பெட்டியில் இடம்பெறவில்லை. இராணியெறும்பை மாநில எல்லை தாண்டி அனுப்புதற்கு அமெரிக்காவிற் கட்டுப்பாடு உண்டு. வேலைக்காரிகள் சில மாதங்கள் சுரங்கம் அகழ்ந்து, மடிந்து போகும். பெட்டி உடைந்தாலும் அயலாருக்கு நிலையான தீங்கில்லை.

இக்கட்டுப்பாட்டின் பொருளை உணர்தற்கு மொபீல் துறைமுகத்துக்குச் செல்லவேண்டும். அலபாமா மாநிலத்து அத்துறைமுகத்திலே, 1930 களில், தென்னமெரிக்காவிலிருந்து வந்த கப்பற் சரக்கோடு செந்நிற நெருப்பெறும்பு கரையேறியது. 1942 இல் தன் வீட்டருகே வெற்று நிலத்தில் அதன் புற்றைக் கண்டு குறித்தவன் 13 வயதுச் சிறுவன். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற எறும்பியல் அறிஞர் எட்வேட் வில்சன் அவனே. இவ்வெறும்பு கடித்துப் பற்றிக்கொண்டு, பின்னுடலை வளைத்துப் பன்முறை கொட்டும். கொட்டிய இடம் நெருப்பாய் எரிந்து, ஒரு நாளளவில் வெண்கொப்புளமாகும். சிலருக்கு ஒவ்வாமையால் உயிராபத்தும் நேரும். முதிர்ந்த ஒரு புற்றில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எறும்புகள் இருத்தல் கூடும்.

1957 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதனை ஒழிக்கப் பணம் ஒதுக்கியது. விமானங்கள் ஹெப்டகுளோர், டைல்டிரின் என்னும் நஞ்சுகளைப் பெருநிலப்பரப்பிற் சொரிந்தன. பறவையும் மீனும் கால்நடையும் மாண்டன, நெருப்பெறும்பு ஒழியவில்லை. ரேச்சல் காசன் அம்மையார் 1962 இல் வெளியிட்ட நூலில் இம்முயற்சியை வன்மையாகக் கண்டித்தார்.

அதே எறும்பு ஆய்வுகூடத்துக் கூட்டிலே வேறொரு பாடம் புகட்டியது. ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய வில்சன், தாம் வளர்த்த நெருப்பெறும்புகளின் உடலுறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவற்றைக் கண்ணாடித் தகட்டிற் கோடாக இழுத்துப் பார்த்தார். கொடுக்கின் அருகிலுள்ள மிகச் சிறிய சுரப்பி ஒன்றின் சாறு பட்டதும் எறும்புகள் கூட்டிலிருந்து திரண்டு வந்து, கோடு சென்ற வழியே சென்றன. எறும்பின் பாதை மணத்தால் எழுதப்படுவது என்பதற்கு 1959 இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி சிறந்த சான்றாயிற்று. வெள்ளம் வந்தால் இவை ஒன்றோடொன்று பின்னித் தெப்பமாக மிதக்கும் இயல்பை ஆய்வாளர் இன்றும் பயன்படுத்துகின்றனர். புற்று மண்ணை வாளியிலிட்டுத் துளி துளியாக நீர் விட்டால், குலம் முழுவதும் மேலே மிதந்து வரும். அதனை அகப்பையால் அள்ளி, சுவரில் வழுவழுப்பான பூச்சிட்ட தட்டிலே விடுவர். எறும்பு அச்சுவரில் ஏற இயலாது. தட்டில் ஈரச் சாந்திட்ட இருட்டறையும், சர்க்கரை நீரும், வெட்டுக்கிளி போன்ற பூச்சியுணவும் இருந்தாற் குலம் தழைக்கும்.

ஆனால் அத்தட்டின் சுவர் கப்பலுக்கும் கடலுக்கும் இல்லை. 2001 இல் பிரிஸ்பேன் நகரிலும், 2017 இல் யப்பானின் கோபே துறைமுகத்திலும் நெருப்பெறும்பு காணப்பட்டது. இத்தாலியின் சிசிலித் தீவில் அது குடியேறியமை 2023 இல் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இதனை ஆக்கிரமிப்பு இனப் பட்டியலிற் சேர்த்து, வளர்த்தலையும் விற்றலையும் தடைசெய்தது. எனினும் உயிருள்ள இராணிகளை விலைக்கு வாங்கி வளர்க்கும் பொழுதுபோக்கு உலகெங்கும் பெருகிவருகின்றது. 2025 இல் கென்யாவில் ஏறக்குறைய 5,000 இராணியெறும்புகளைச் சோதனைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த இரு வெளிநாட்டு இளைஞர் பிடிபட்டு, ஒவ்வொருவரும் பத்து இலட்சம் ஷில்லிங் தண்டம் பெற்றனர். அவை நெருப்பெறும்புகள் அல்ல. ஆபிரிக்க அறுவடை எறும்புகளே. ஒரு நாட்டின் உயிர்ச்செல்வம் குழாயில் அடங்கிக் களவு போகும் காலம் இது.

கருவுற்ற இராணி ஒன்று, தன் உடலிற் சேமித்த உயிரணுக்களைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் முட்டையிட வல்லது. வேலைக்காரி தனி உயிர். இராணியோ வருங்காலக் குலம். லபக்கின் மேசையிற் பதினான்கு ஆண்டு வாழ்ந்த இராணி அவருடைய ஊர் மண்ணிலேயே பிறந்தது. அது தப்பிச் சென்றிருப்பினும் தன் வீட்டுக்கே திரும்பியிருக்கும். கடல் கடந்து விலைக்கு வரும் இராணி தப்பினால், வந்த நாட்டில் அதன் பகைவரும் இல்லை. அதனைத் தடுப்பாரும் இல்லை. எறும்பை வளர்த்து அறிய விழைவோர் தம் முற்றத்து எறும்பையே நாடுதல் தகும். றெயோமூரும் ஹூபரும் அவ்வாறே செய்தனர். அவர்கள் கற்றது சிறிதன்று.