நஞ்சின் மேல் ஒட்டிய எழுத்து

அச்சில் வரும் எழுத்துகளுள் மிகச் சிறியதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் இரசாயனப் புட்டியின் மேல் ஒட்டப்படும் சீட்டேயாகும். லேபல் என்று வழங்கும் இச்சீட்டை ஆராய்ச்சிக்குரிய ஏடாக எவரும் கருதுவதில்லை. ஆயினும் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. சட்டம் வகுப்போர், அச்சிடுவோர், படிப்போர் ஆகிய மூவருள் ஒருவர் தவறினும் சீட்டு பயனற்றுப் போகும் என்பதே அவ்வரலாறு கூறும் செய்தி.

1858ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில், மிட்டாயில் கலப்பதற்கென ஒருவர் மலிவான வெண்பொடி கேட்டனுப்பினார். மருந்துக் கடையின் பணியாளர் அதற்குப் பதிலாக ஆர்செனிக் என்னும் பாடாணத்தைத் தவறுதலாக நிறுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டும் வெள்ளைப் பொடிகள். கண்ணால் வேறுபாடு அறிய இயலாது. அம்மிட்டாயைத் தின்றவர்களுள் ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். இருநூறு பேர் அளவில் நோயுற்றனர். பத்தாண்டுகள் கழித்து, 1868இல் பிரிட்டனில் இயற்றப்பெற்ற மருந்தகச் சட்டம், நஞ்சு விற்போர் பொருளின் பெயர், நஞ்சு என்னும் சொல், விற்பவரின் பெயர், முகவரி ஆகியவற்றைப் பொதியின்மேல் பொறிக்க வேண்டும் என விதித்தது. அன்று அச்சிட வேண்டியிருந்தவை சில சொற்களே. படிக்கத் தெரிந்தவருக்கு அவை போதும். தெரியாதவருக்கு அச்சொற்களால் பயனில்லை.

படிக்கத் தெரியாதவர் கையில் நஞ்சு வந்து சேர்ந்த நிலையை மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிற் காணலாம். லாலாங் புல்லையும் களைகளையும் அழிக்க, அங்கே சோடியம் ஆர்செனைட்டு தெளிக்கப்பட்டது. 1962இல் விற்பனைக்கு வந்த பாராகுவாட் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத் தமிழில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே: மருந்து. தொழிலாளர் ‘மருந்தடிக்க’ச் சென்றனர். நோய் தீர்ப்பதைக் குறிக்கும் சொல், உயிர் போக்குவதற்கும் பெயராயிற்று. சொல்லே அச்சத்தை நீக்கிவிட்டபின் எச்சரிக்கும் பொறுப்பு முழுவதும் சீட்டின்மேல் விழுந்தது.

மலேசியாவில் 1974இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1984இல் அதன்கீழ்ச் சீட்டு விதிகளும் வந்தன. நச்சின் கடுமையைக் காட்ட நிறப்பட்டைகள் வகுக்கப்பட்டன. மிகக் கொடியதற்குக் கறுப்பு. அதற்கு அடுத்த படிகளுக்கு முறையே சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் எச்சரிக்கைச் சொற்கள் இடம்பெறலாயின. நாவில் மருந்தென வழங்கியதைத் தாளில் நஞ்சென உணர்த்திய அத்தமிழ் எழுத்து, எண்ணிக்கையிற் சிறிதாயினும் பயனிற் பெரிது. ஆயினும் சீட்டு மட்டுமே காப்பாகிவிடவில்லை. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் துயரத்தைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆராய்ந்து நூலாக வெளியிட்டது. பாராகுவாட் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

நிறக்குறியிலும் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியாவில் 1971ஆம் ஆண்டு விதிகள் மிகக் கொடிய நச்சுக்குச் சிவப்பைக் கொடுத்தன; மஞ்சள், நீலம், பச்சை என அது படிப்படியாக இறங்கியது. அங்கே முதற்படியைக் குறித்த சிவப்பு, இங்கே இரண்டாம் படியைக் குறித்தது. கடல் கடந்ததும் ஒரே நிறம் வேறு பொருள் தந்தது.

நிறத்தின் நிலை இது. மொழியின் நிலை இன்னும் கொடியது. 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மெதில் பாதரசம் பூசிய விதைத் தானியம் ஈராக்கிற்கு வந்திறங்கியது. மூட்டைகளின்மேல் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் அது ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபு மொழி பேசிய உழவர்க்கு அது விளங்கவில்லை. விதைக்குப் பூசியிருந்த செஞ்சாயத்தைக் கழுவினால் நஞ்சும் நீங்கிவிடும் எனச் சிலர் எண்ணினர். அத்தானியத்தை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டவர்களுள் 6,530 பேர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் அங்கேயே இறந்தனர். அச்சகத்தார் தம் பணியைச் செய்தே இருந்தனர். யார் படிப்பார் என்பதை மட்டும் எவரும் எண்ணவில்லை.

உலகெங்கும் ஒரே முறை வேண்டும் என்னும் கருத்து 1992இல் ரியோ மாநாட்டில் வலுப்பெற்றது. 2003இல் ஐக்கிய நாடுகள் மன்றம் இரசாயனங்களை வகைப்படுத்திச் சீட்டிடும் உலகப் பொதுமுறையை நூலாக வெளியிட்டது. அதன்படி ஒன்பது படக்குறிகள் அமைந்தன. வெள்ளைத் தளத்தில் கறுப்புப் படம். அதனைச் சுற்றிச் சிவப்புக் கரையுள்ள சாய்சதுரம். மண்டையோடு கொடிய நச்சையும், சுடர் தீப்பற்றும் தன்மையையும், கையையும் உலோகத்தையும் அரிக்கும் துளி அரிமானத்தையும் காட்டும். மலேசியா தன் 1997ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2013 அக்டோபரில் இம்முறையைத் தழுவிய புதிய விதிகளை வெளியிட்டது. பூச்சிக்கொல்லிகள் மட்டும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனியே நிற்கின்றன.

இம்மாற்றத்தின் சுமை அச்சகத்தின்மேல் விழுந்தது. பழைய குறி செம்மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் படம். புதியதோ சிவப்புக் கரையுடையது. எனவே ஒரு மையை நீக்கி வேறொரு மையைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மூவார் மரத் தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். நாற்காலிக்கும் மேசைக்கும் பூசும் லாக்கர், தின்னர், பசை ஆகியவை தகரங்களில் வந்திறங்கும் இத்தகைய ஊரில் சீட்டு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தின்னர் ஒழுகினாற் கரையும் மையில் அச்சிட்ட எச்சரிக்கை, இடர் நேரும் வேளையிலேயே அழிந்துபோகும். கப்பலிற் செல்லும் அபாயப் பொருள்களின் குறிகளோ மூன்று திங்கள் கடல்நீரில் மூழ்கியும் அழியாதிருத்தல் வேண்டும் என்பது அனைத்துலகக் கடல்வழி விதி.

சிக்கனமும் சிக்கலாகலாம். சிவப்புச் சாய்சதுரங்களை முன்னதாகவே சுருள் சுருளாக அச்சிட்டு வைத்து, பிறகு கறுப்பில் படத்தை நிரப்புவது எளிய வழி. ஆனால் ஒரு பொருளுக்கு இரண்டே குறிகள் தேவைப்பட, தாளில் மூன்று சட்டங்கள் இருப்பின், ஒன்று வெறுமையாய் நிற்கும். படிப்பவர் அதனை என்னவென்று கொள்வார்? இதனாலேயே அமெரிக்கா தன் 2012ஆம் ஆண்டு விதிகளில் வெற்றுச் சட்டங்களைத் தடுத்தது. மேலும், ஐக்கிய நாடுகளின் நூல் ஈராண்டுக்கு ஒருமுறை திருத்தம் பெறுகிறது. ஆகவே அளவுக்கு மிஞ்சிச் சீட்டுகளை அச்சிட்டுக் குவிக்காமலும், வாசகம் மாறினால் உடனே மாற்றத்தக்க முறையிலும் அச்சகங்கள் ஆயத்தமாக இருத்தல் நலம்.

இனி மொழிக்கு வருவோம். பூச்சிக்கொல்லிப் புட்டியில் தமிழுக்கு இடமுண்டு. ஆனால் 2013ஆம் ஆண்டு விதிகள் வேண்டுவன மலாயும் ஆங்கிலமும் மட்டுமே. படக்குறி எல்லார்க்கும் பொது என்று கூறலாம். எனினும் எந்தப் படமும் தானே பேசுவதில்லை. ஈராக்கில் செஞ்சாயம் பேசவில்லை. கற்பிக்கப்படாத மக்களிடம் சாய்சதுரமும் பேசாது. தொழிலாளர்க்குப் பயிற்சியளிக்கும் கடமையை 2000ஆம் ஆண்டு விதிகள் முதலாளியிடம் ஒப்படைத்துள்ளன. அப்பயிற்சி தொழிலாளருக்குத் தெரிந்த மொழியில் நடந்தால்தான் சீட்டு முழுமை பெறும். பள்ளியிலும் அதற்கு இடமுண்டு. ஒன்பது படங்களையும் அவற்றின் பொருளையும் தமிழிற் கற்ற சிறுவன், வீட்டில் தகரத்தைத் திறக்கப் போகும் தந்தையின் கையைத் தடுக்கக்கூடும்.