கோவாவுக்குக் கிடைத்தது, புதுவைக்கு எப்போது?

1954 அக்டோபர் 18. புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள கீழூர் கிராமத்தில் 178 பேர் கூடினார்கள். பிரெஞ்சிந்தியப் பகுதி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான் அவர்கள். இந்தியாவோடு இணைவதா, வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 170 பேர் இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் மறுத்தார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1 அன்று, புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது.

அந்த வாக்கெடுப்புக்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய வ.சுப்பையா பின்னர் விடுதலைப் போராட்டத்திலும் முன்னணியில் நின்றார். பிரெஞ்சு ஆதரவாளராக நெடுங்காலம் இருந்த எத்துவார் குபேரும் 1954இல் இணைப்பின் பக்கம் வந்துவிட்டார். உரிமைக்காகப் போராடிப் பழகிய மண் அது.

நிர்வாகம் கைமாறினாலும் சட்டம் உடனே மாறவில்லை. 1956 மே 28இல் இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர ஆறு ஆண்டுகள் பிடித்தன. அல்ஜீரியப் போர் முடிந்த பிறகே அது நடந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் இந்த நான்கு பகுதிகளும் சேர்ந்த புதுவை சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு இன்றைக்கும் முக்கியமானது. இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் அரசியலமைப்பு வழியாக மாற்றம் செய்வதென்றால், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது அது.

அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் புதுவையை யூனியன் பிரதேசமாக்கியது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் சட்டமன்றத்தையும் அமைச்சரவையையும் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று குபேர் முதலமைச்சரானார். இமாச்சலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா ஆகியவையும் அதே சட்டத்தின் கீழ்தான் சட்டமன்றம் பெற்றன.

அவையெல்லாம் பிறகு மாநிலங்கள் ஆகிவிட்டன. 1971இல் இமாச்சல், 1972இல் மணிப்பூரும் திரிபுராவும், பின்னர் அதே சட்டத்தின் கீழ் வந்த மிசோரமும் அருணாச்சலப் பிரதேசமும் 1987 பிப்ரவரியில், அதே ஆண்டு மே 30இல் கோவா. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை எஞ்சி நிற்பது புதுவை மட்டுமே.

கோவாவின் கதை புதுவைக்கு மிக நெருக்கமானது. அதுவும் ஐரோப்பிய நாடொன்றின் ஆட்சியில் இருந்து வந்த கடலோரப் பகுதி. மகாராஷ்டிரத்தோடு சேர்வதா என்று 1967 ஜனவரியில் கருத்துக் கணிப்பு வாக்கெடுப்பு நடந்தபோது கோவா மக்கள் வேண்டாம் என்றார்கள். இருபது ஆண்டுகளில் கோவா தனி மாநிலம் ஆனது. புதுவைக்கும் அப்படியொரு சோதனை வந்தது. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், சிறிய யூனியன் பிரதேசங்களைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்ற எண்ணத்தை வெளியிட்டார். புதுவை கொதித்தெழுந்தது. கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. தமிழ் பேசும் மக்கள் தமிழ்நாட்டோடு சேர மறுத்ததில் வியப்பில்லை. தங்கள் ஊரின் நிர்வாகம் தங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. மாநில அந்தஸ்து மட்டும் வரவில்லை.

அந்தஸ்து இல்லாததால் என்ன குறை? 1963 சட்டத்தில் அதற்கு விடை இருக்கிறது. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபாடு வந்தால், கோப்பு டெல்லிக்குப் போகும். முடிவு வரும்வரை, அவசரம் என்று கருதினால் ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம். மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 பேரோடு மேலும் 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம். 2017இல் புதுவை அரசைக் கேட்காமலே 3 எம்.எல்.ஏ.க்கள் நியமிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. முப்பது பேர் சபையில் மூன்று வாக்கு ஆட்சியையே ஆட்டிவிடக்கூடியது.

மக்களின் அரிசி வரைக்கும் இந்தச் சிக்கல் வந்தது. இலவச அரிசியை அரிசியாகவே கொடுப்பதா, பணமாக வங்கிக் கணக்கில் போடுவதா என்று அமைச்சரவையும் ஆளுநர் கிரண் பேடியும் மோதினார்கள். 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமி கருப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் எதிரே தெருவில் படுத்துப் போராடினார். அந்த மோதலில் பணம் என்ற முடிவே நின்றது. எது நல்ல திட்டம் என்று இருவர் இருவிதமாக நினைக்கலாம். ஆனால் வாக்குக் கேட்டு வந்தவர்கள் வாக்களித்தவர்களுக்குச் சொன்னதைச் செய்ய முடியாமல் போவது மக்களாட்சிக்கு இழுக்கு.

நிதியிலும் இதே நிலைதான். மாநிலங்களுக்கு வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் நிதி ஆணையத்தின் வரம்புக்குள் புதுவை வராது. மத்திய அரசு ஒதுக்கும் மானியத்தையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்களும் உண்டு. பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நிலமும் நான்கு துண்டாகக் கிடக்கிறது: மாஹி கேரளத்துக்கு நடுவே, ஏனாம் ஆந்திரத்துக்கு நடுவே. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி புதுவையின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம், மிசோரமில் 11 லட்சம், சிக்கிமில் 6 லட்சம். அவை மாநிலங்களாக இயங்குகின்றன. வருவாய் போதுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தீர்வு நிதி ஆணையத்துக்குள் சேர்ப்பதுதான்.

புதுவை தனக்குள்ளே சரிசெய்ய வேண்டியதும் இருக்கிறது. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. டெல்லியிடம் அதிகாரம் கேட்கும் சபை, தன் ஊராட்சிகளுக்கும் அதிகாரம் தர வேண்டும். மாஹியும் ஏனாமும் காரைக்காலும் தலைநகரை நம்பித் தவிக்கக் கூடாது.

புதுவைச் சட்டமன்றம் மாநில அந்தஸ்து கேட்டுப் பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. 2024 ஆகஸ்டிலும் ஒன்று நிறைவேறியது. காங்கிரஸ், தி.மு.க., என்.ஆர்.காங்கிரஸ் என்று கட்சி பேதமின்றி இக்கோரிக்கை ஒலிக்கிறது. புதிய மாநிலம் அமைக்க நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 1956 ஒப்பந்தம் சொன்னபடி நான்கு பகுதி மக்களின் கருத்தையும் கேட்டு, மாஹிக்கும் ஏனாமுக்கும் தனிப் பாதுகாப்பு எழுதி, மத்திய அரசு அந்த மசோதாவைக் கொண்டுவர வேண்டும்.