இந்திய ரூபாயின் வெளிமதிப்பு

அந்நிய நாணயங்களுக்கு எதிராக ரூபாயின் விலை மாறிவந்த வரலாறு. 1949 செப்டம்பரில் பவுண்டோடு ரூபாயும் இறங்க, டாலர் ரூ.4.76 ஆனது. 1966 ஜூன் 6 அன்று அரசு மதிப்பைக் குறைத்ததும் டாலர் ரூ.7.50 ஆனது; முன்பு ரூ.476 கொடுத்துத் தீர்த்திருக்கக்கூடிய 100 டாலர் கடனுக்கு ரூ.750 தேவைப்பட்டது. 1991 ஜூலையில், செலாவணிக் கையிருப்பு வற்றிய நெருக்கடியில், மீண்டும் இரு கட்டக் குறைப்பு. 1993 மார்ச் முதல் விலையைச் சந்தை முடிவுசெய்கிறது. ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது.

டாலரை மட்டும் வைத்து ரூபாயை எடைபோடுவது போதாது. 40 நாணயங்களோடு ஒப்பிட்டு, நாடுகளின் விலைவாசி வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் ரிசர்வ் வங்கிக் குறியீடே ஏற்றுமதியாளருக்கு மேலான அளவுகோல். ரூபாயின் அன்றாடக் குறிப்பு விலையை 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) நிறுவனம் வெளியிடுகிறது.