ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் ராமானுஜனின் உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை வந்தது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைவிடவும் கூடுதல் வகுஎண்கள் இருந்தால் அது உயர் பகு எண். 12-ஐ எடுத்துக்குங்க: 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் கீழே எதற்கும் நாலுக்கு மேல் கிடையாது.

இப்படி நூறுக்கும் மேலான எண்களைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பட்டியலிட்டார் மனுஷன். கடைசி எண் 6746328388800, வகுஎண்கள் 10080.

ஆனால் நடுவில் ஒன்று விட்டுப்போச்சு: 293318625600. வகுஎண்கள் 5040. பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்த்தேன்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதை 23-ஆல் பெருக்குங்க. பட்டியலின் அதே கடைசி எண் வந்து நிற்கும்! புதிதாக ஒரு பகா எண் சேர்ந்ததால் வகுஎண்களும் சரியாக இரட்டிப்பு. ஆக, விட்டுப்போன எண் அவர் எழுதிய எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முறையில் பிழை இல்லை, கோக்கும்போது ஒரு மணி நழுவியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கழகத்தின் பண நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை, 1997-இல்தான் வெளிவந்தது. ஆனாலும், இங்கே எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது இந்தக் கட்டுரைதான்.