ஆபாசம்னு ஜெயிலுக்குப் போன மெட்டு

கரகாட்டம்னு சொன்னா பெரும்பாலானவங்களுக்கு 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ ஞாபகம் வரும். எங்க அனுமந்தன்பட்டிப் பக்கத்தில் அந்தப் படத்தின் மேல் கூடுதல் உரிமை உண்டு. இயக்கிய கங்கை அமரனும், இசையமைத்த இளையராஜாவும் இதே தாலுகாவில் இருக்கும் பண்ணைப்புரத்துக்காரங்க. ஆனால் படத்தில் வந்தது சுத்த சைவக் கரகாட்டம். திருவிழாவில் நடுராத்திரிக்கு மேல் நையாண்டி மேளம் சூடு பிடிச்சதும் குறவனும் குறத்தியும் பாடுறது வேற ரகம். பச்சையான இரட்டை அர்த்தம். கேட்டு ஊரே சிரிக்கும்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு காலத்தில் சுகாதாரத் துறையே வேலை கொடுத்தது என்பதுதான் சுவாரசியம்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் தடயம். 1994-ல் எய்ட்ஸ் தடுப்புக்கென்றே தனிச் சங்கம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு. தேனி பின்னாளில் பாதிப்பு அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது. கம்பம் வழியா குமுளிக்குப் போகும் லாரி ரோடு எங்க ஊரைத் தொட்டுத்தான் போகுது. விழிப்புணர்வுக்காரர்கள் முதலில் தேடிப் போனதும் லாரி டிரைவர்களைத்தான்.

சிக்கல் என்னன்னா, ஆணுறைன்னு வாய் திறந்து சொல்ல ஆளில்லை. ஆரம்பகாலச் சுவர் விளம்பரங்களில் மண்டை ஓடும் உயிர்க்கொல்லி என்ற வார்த்தையும்தான் இருந்தன. பயம் வந்தது, கூடவே நோயாளியை ஒதுக்குறதும் வந்தது. 2003-ல் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி ஊரெல்லாம் பரவியது. அது பேச வைத்தது உண்மைதான், ஆனால் பாதி கேலியாகவே முடிந்தது. கரகாட்டக் குழுக்களுக்கோ அந்தக் கூச்சமே கிடையாது. தொண்டு நிறுவனங்களும் அரசும் அவர்களை அழைத்து, பழைய மெட்டிலேயே புதுச் சேதியைக் கட்டச் சொன்னார்கள். வழக்கமாகச் சிரிக்க வைக்கிற அதே கிண்டலுக்குள் ஆணுறையும் ரத்தப் பரிசோதனையும் நுழைந்தன.

இதே மாதிரி ஒரு கதை ஆப்பிரிக்காவிலும் உண்டு. ஜயர் நாட்டில், அதாவது இன்றைய காங்கோவில், ஃபிராங்கோ என்ற கிடார் கலைஞர் ஆட்டம் போட வைக்கும் ரும்பா இசையின் ராஜா. 1978-ல் ‘ஜாக்கி’ உள்ளிட்ட பாடல்கள் ஆபாசம் என்று அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1987-ல் அவர் ‘அத்தான்சியோன் நா சீடா’ பாடினார். ‘எய்ட்ஸ், ஜாக்கிரதை’ என்று பொருள். பல நாட்டவருக்கும் புரியணும்னு பெரும்பகுதியைப் பிரெஞ்சில் பாடினார். நோயாளிகளைக் கைவிடாதீங்கன்னு டாக்டர்களிடமும் கேட்டார். பாட்டின் தாளம் எது தெரியுமா? ஜெயிலுக்கு அனுப்பின அதே ‘ஜாக்கி’யின் தாளம்! 1989-ல் அவர் இறந்தபோது எய்ட்ஸ்தான் காரணம்னு பரவலாக நம்பினார்கள். அவர் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கே பாடின மனுஷனாலும் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாத அளவுக்கு அந்த அவமானம் கனமா இருந்திருக்கு.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடம் செய்த கண்காணிப்பில் 2001-ல் 1 சதவீதத்துக்கு மேல் இருந்த எச்.ஐ.வி., பத்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. பரிசோதனை, சிகிச்சை, ஆணுறை விநியோகம் என்று பல காரணங்கள். அதைப் பாட்டு மட்டும் சாதித்தது என்று சொன்னால் பொய். ஆனால் வெட்கப்பட்டு நிற்கிற சனங்களுக்கு முன்னால் முதல் வார்த்தையைச் சொல்ல யாரோ ஒருத்தர் வேணுமில்லையா?

இன்று ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டால் ஆபாச நடனமும் வசனமும் கூடாதுன்னு நிபந்தனை வருது. ஆட்டக்காரப் பெண்களை மேடையில் சீண்டுறவங்களைத் தடுக்க அது தேவைதான். அதே சமயம், நாம் ஆபாசம்னு ஒதுக்கின அந்த மொழியில்தான் ஒரு காலத்தில் உயிர் காக்கும் சேதியும் போச்சு என்பதையும் வரலாற்றில் எழுதி வைக்கணும்.